திருகினால் தெளியாத கண்ணாடி

பவிஷா தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்தால் தொட்டில் சேலை விலகும், விலகினால் வெளிச்சம் உள்ளே விழும், விழுந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைத் தேடுவாள், அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள், அதனால் காதால்தான் பார்க்கிறேன், மூச்சு மூக்குக்குள் சின்னதாக விசிலடித்துக்கொண்டு வருகிறது, சளி இன்னும் முழுசாக விடவில்லை, விசிலடிக்கிற வரைக்கும் தூங்குகிறாள் என்று அர்த்தம். கீழே கடையில் அவுக யாருக்கோ பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறாக, நாடியத் தூக்குங்க, கொஞ்சம் கீழ, அய்யோ அம்புட்டுக் கீழ வேண்டாம் என்று சொல்வது மாடிப்படி வழியாக ஏறி வருகிறது. காலையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னதும் அதே குரல்தான். "ஏ மாரி, அந்த மேக்ரோ லென்ஸ எடுத்துத் தொடச்சு வையி. சாயங்காலம் தூத்துக்குடியிலருந்து ஸ்டீபன் வாராரு. லென்ஸக் குடுத்துட்டு வீடியோ லைட்டு வாங்கிக்கிடுதேன்." நான் சட்னியை ஊற்றினேன். சரி என்று வாயால் சொல்லவில்லை, சட்னி ஊற்றினால் சரி என்று அர்த்தம், கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் அப்படித்தான், அவுகளுக்கும் பழகிவிட்டது. வேண்டாம் என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்து மிளகாய் விதை மாதிரி அங்கேயே ஒட்டிக்கொண்டது, தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு லைட்டு வேணும், பழைய லைட்டு அணைந்து அணைந்து எரிகிறது, போன முகூர்த்தத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அணைந்துபோய் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையில் வைத்தே அவுகளை வைதார், அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படிக் கேட்பது. இந்த லென்ஸ் எனக்கு வேணும் என்றால் எதுக்கு என்பாக. ஜன்னல் மூலையில் ஒரு சிலந்தி இருக்குங்க, அது உசுரோட இருக்கா செத்துப்போச்சா பாக்கணும் என்று ஒரு பொம்பளை தன் புருசனிடம் சொல்ல முடியுமா. சாயங்காலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கேட்காமலே பார்த்துவிட்டால் கேட்கிற வேலை இல்லை. இன்றைக்கு இந்த ஒரு தூக்கம்தான் இருக்கிறது என்னிடம்.

லென்ஸ் மடியில் கனக்கிறது. பவிஷாவைப் பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தார்களே, அந்த அளவு கனம் இல்லை, ஆனால் அதே பயம், விழுந்தால் ஒட்ட வைக்க முடியாது என்கிற பயம். சாத்தூரில் ஒரு ஸ்டூடியோவை மூடும்போது அவுக மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்த பையில் அடியில் கிடந்தது இது. மற்ற லென்ஸில் ஒரு வளையத்தைத் திருகினால் மங்கினது தெளியும். இதிலும் வளையம் இருக்கிறது, திருகினால் ஆமை கழுத்தை நீட்டுகிற மாதிரி லென்ஸ் நீள்கிறது, நீள நீள எல்லாம் பெரிதாகிறது, தெளிவது மட்டும் கிடையாது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மோதிரம் எடுக்க இதைக் கொண்டுபோய், மோதிரத்துக்குப் பதிலாக மஞ்சள் மூட்டமாக எடுத்துக்கொண்டு வந்தாக. "இது போட்டோக்காரனுக்குச் செஞ்ச லென்ஸ் இல்ல, பேயோட்டுறவனுக்குச் செஞ்சது" என்று பீரோவுக்குள் போட்டாக, பவிஷாவின் குல்லாய்க்குப் பக்கத்தில். குல்லாய் தேடும்போது கையில் பட்டது. அப்போது எடுத்தது எதனால் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசையா, இல்லை அவுகளுக்கே பிடிபடாதது என்பதில் எனக்கு ஒரு குட்டிச் சந்தோஷமா, இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். பழைய கேமராவில் மாட்டத் தெரியும், சிவப்புப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் சேர வேண்டும், அவுக மாட்டுகிறதைத் தோசை சுட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். கண்ணை வைத்தால் இருட்டு. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. பயந்துபோய்க் கையைக் கொஞ்சம் இறக்கினேன், சேலை முந்தானை ஒரு நொடி வந்துவிட்டுப் போனது. நூல். ஒவ்வொரு நூலும் கயிறு மாதிரி முறுக்கி, முறுக்கிலிருந்து பிசிறு எழும்பி, நான் நீலம் என்று நினைத்து எடுத்த சேலையில் நீலமே இல்லை, பச்சை நூலும் ஊதா நூலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன, தள்ளி நின்று பார்க்கிற நமக்குத்தான் அது நீலம். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடும்போது அவுக சட்டையைப் பார்த்தேன், இதுவும் வெள்ளையாக இருக்காது என்று தோன்றிச் சிரிப்பு வந்தது, "என்ன சிரிப்பு" என்றாக, ரசத்தை ஊற்றினேன். அப்புறம் உப்பு, பெட்டி பெட்டியாக. அப்புறம் கடுகு, வழவழப்பு என்று நினைத்தால் வலை பின்னினது போல மேலெல்லாம் பள்ளம். அந்த வாரம் இரண்டு தடவை பருப்பு அடிபிடித்தது. இந்த லென்ஸ் தன் இடத்தை விட்டு வராது, நாம்தான் போக வேண்டும், ஒரு முடி அளவு முன்னால், ஒரு முடி அளவு பின்னால், இது விளங்கவே எனக்கு எத்தனையோ மத்தியானம் ஆனது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எட்டாவதோடு நின்றவள், நிற்கிற வரைக்கும் படித்த படிப்பிலும் விடை வாய்க்குள் இருக்கும், கையைத் தூக்க மாட்டேன், தூக்கினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்கு ஒன்றும் தெரியாதவளாக இருந்துவிடுவது மேல் என்று இருந்துவிடுவேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் என் கண் கிடையாது, இமைதான் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் நடுவில் வருமே பட்டர் பேப்பர், அதில் மிஞ்சினதைக் கடையிலிருந்து எடுத்து வந்து ஃபிளாஷ் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் அடிக்காமல் பாலாக இறங்குகிறது, இதுவும் யாரும் சொல்லித் தரவில்லை, டியூப் லைட்டுக்கு மேல் துணி கிடந்த அன்றைக்குப் பார்த்தது.

அது அங்கேதான் இருக்கிறது. ஜன்னலின் கீழ் மூலையில், கம்பி மரச்சட்டத்துக்குள் இறங்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டுப் பொட்டலம், என் சுண்டுவிரல் நகம் அளவு. வலை கட்டித் தொங்குகிற ஜாதி இல்லை, சுவரில் தாவித் தாவி ஈ பிடிக்கிற சின்னச் சிலந்தி. பொட்டலத்துக்குள் முட்டை இருக்கிறது, அதன் வாசலில் முகத்தை வைத்து இது உட்கார்ந்திருக்கிறது. பவிஷாவுக்குச் சளி பிடித்த அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, சளி பாதி போய்விட்டது, இது இன்னும் உட்கார்ந்தே இருக்கிறது. தின்னவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு ஈ மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கையைத் தேய்த்துவிட்டுப் போனது, அதற்கும் அசையவில்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நேற்று பக்கத்து மாடியில் கோமதி அக்கா வடகம் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி மாரி, ஒட்டடையையா போட்டோ புடிக்கே? அதுக்கு எப்பக் கல்யாணம்?" நான் கேமராவைப் பின்னால் மறைத்தேன். "முட்ட வச்சிருக்குக்கா" என்றேன், மெதுவாக, அவளுக்குக் கேட்டதே பெரிசு. "முட்டையா? அது செத்துக் காஞ்சு ஒட்டிட்டு இருக்கும்ட்டி. இல்லைன்னா தன் முட்டையத் தானே திங்கும். வெளக்கமாத்த எடுத்து ஒரு இழுப்பு இழுப்பியா, அதுகூடப் பேசிக்கிட்டு நிக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நல்லவள்தான், பவிஷாவுக்கு மூச்சு இளைத்தபோது ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தவள், ஆனால் விளக்குமாறு என்றதும் நான் அந்த ஜன்னல் மூலையை மறைத்து நின்றுகொண்டேன். அசையவில்லை என்றால் செத்ததுதானா. பவிஷா பிறந்த புதிதில் நானும் அசையாமல்தான் கிடந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். "பிள்ளையப் பாக்காம செவத்தப் பாத்துட்டே கெடக்கா, எதையாவது பாத்துப் பயந்துட்டாளோ என்னமோ" என்று அத்தை அடுப்படியில் சொன்னது கேட்டது, திருநீறு வந்தது, நெற்றியில் பூசினார்கள், மூக்கில் விழுந்தது, தும்மக்கூட இல்லை நான். சுவரில் சுண்ணாம்பு வெடித்த கோட்டில் எறும்பு போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் எதிரில் வருகிறதை நின்று தொட்டுவிட்டுப் போகும், என்ன சொல்லிவிட்டுப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், இல்லை, அவ்வளவுதானா என்று எனக்கே நிச்சயம் இல்லை, அந்த நாட்களில் எறும்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். எல்லாரும் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள், பக்கத்தில் வந்து கண்ணுக்குள் ஒருத்தரும் பார்க்கவில்லை. இதற்காவது ஒருத்தி பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டாமா. செத்திருந்தால் நானே எடுத்துப் போட்டுவிடுவேன். உயிர் இருந்தால் கோமதி அக்கா விளக்குமாற்றைத் தூக்கட்டும், பார்க்கலாம்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, பிடித்த முஷ்டிமேல் லென்ஸை வைத்து, வலது கை கேமராவில். கண்ணை வைக்கிறேன். இருட்டு. எப்போதும் முதலில் இருட்டுத்தான், லென்ஸை முழுசாக நீட்டினால் வெளிச்சத்தை எல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. போகிறேன், முன்னால், ஒரு மூட்டம், மரச்சட்டத்தின் பெயிண்டு ஏரி காய்ந்த தரை மாதிரி வெடிவெடியாக வந்து போகிறது, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை, சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் வழி தப்பிவிட்டது எனக்கு, இடதுபக்கம், இல்லை, வலது, பட்டு, ஆமாம், பட்டு நூல், விளக்குத்திரி மாதிரி பிரிபிரியாக. முகம் இதற்குப் பக்கத்தில்தான். மயிர் தெரிகிறது. அசையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மூச்சைப் பிடிக்கிறேன், மூச்சைப் பிடித்தால் நெஞ்சு அடிக்கிறது விரலுக்கு வருகிறது, விரலுக்கு வந்தது லென்ஸுக்கு வருகிறது, அங்கே பூமியே ஆடுகிறது. அமுக்குகிறேன். வெளிச்சம் வெட்டுகிறது. பின்னால் திரையில் பார்த்தால் கால் முட்டி மட்டும் தெளிவு, முகம் பஞ்சு. திரும்பவும். இப்போது நெற்றி மயிர் தெளிவு, கண் இருக்கிற இடத்தில் கறுப்புக் கறை. திரும்பவும். ஒன்றுமே இல்லை, சட்டத்தின் ஆணி. கல்லு மாதிரி உட்கார வேண்டும் போலிருக்கிறது, கல்லுக்குப் பிள்ளை கிடையாது, தொட்டிலில் விசில் நின்றுவிட்டது. முனகுகிறாள். அய்யோ இப்போது வேண்டாம் கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம், இன்றைக்கு மட்டும். தொட்டிலை இழுத்து ஆட்டக் கட்டின வேட்டிக் கிழிசல் தரையில் கிடக்கிறது, கையை எடுக்காமலே காலை நீட்டிக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில் எல்லாம் இப்படித்தான், கை இரண்டும் பசையில் இருக்கும், கால் பிள்ளையை ஆட்டும், என் அம்மா அப்படித்தான் என்னை வளர்த்தாள், நான் இப்படி வெங்காயம் உரிப்பேன், கீரை ஆய்வேன். காலை இழுத்தேன், தொட்டில் வந்தது, விட்டேன், போனது. வந்தது, போனது. கண் கேமராவிலேயே இருக்கிறது. இழுத்தால் என் உடம்பு ஒரு நூல் பின்னால் வருகிறது, விட்டால் ஒரு நூல் முன்னால் போகிறது. உள்ளே பஞ்சு, கறுப்பாக ஏதோ, உருண்டை, தெளிவு, பஞ்சு. பஞ்சு, உருண்டை, தெளிவு, பஞ்சு. காலை நிறுத்தவில்லை. நான் இத்தனை நாளும் ஆடாமல் இருக்கப் பார்த்துத்தான் கெட்டேன். ஆட்டம் வேண்டும் இதற்கு. தெளிவு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது, நான்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன் வழியாகப் போய்ப்போய் வருகிறேன், வாசலைத் தாண்டுகிற நேரம் தெரிந்தால் போதும். தெளிந்த பிறகு அமுக்கினால் தாண்டிவிடுகிறது. தெளியப் போகிறது என்கிறபோது அமுக்க வேண்டும், பால் பொங்கி வரும் முன்னே கை அடுப்புக்குப் போகிற மாதிரி. பவிஷா அடங்கிவிட்டாள். விசில் திரும்பி வந்தது. மூச்சை விட்டேன், பிடிக்கவே இல்லை. வருகிறது, வருகிறது, இப்போது.

நாலு கண் முன்னால் வரிசையாக. ஓரத்தில் இரண்டு சின்னது, நடுவில் இரண்டு பெரிசு, பெரிசு என்றால் அந்த முகத்தில் வேறு எதற்குமே இடம் இல்லாத அளவு பெரிசு, சுற்றிலும் நரைத்த புருவம் மாதிரி மயிர். அதில் ஒன்றில் ஜன்னல் தெரிகிறது, கம்பி தெரிகிறது, கம்பிக்கு நடுவில் கறுப்பாக ஒரு தலை, என் தலைதான், கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. செத்த கண்ணிலும் ஜன்னல் தெரியும். நான் ஆடிக்கொண்டே பார்க்கிறேன், தெளிவு வரும்போதெல்லாம் பார்க்கிறேன், கறுப்பு, கறுப்பு, இரண்டும் கறுப்புக் கண்ணாடிக் குண்டு, கோமதி அக்கா சொன்னது சரிதான் போல, காய்ந்து ஒட்டியிருக்கிறது, நானாக ஏதோ நினைத்துக்கொண்டு. அடுத்த ஆட்டத்தில் ஒரு கண் கறுப்பாக இல்லை. தேன் நிறம். அப்புறம் இன்னொன்றும் தேனாகி, முதல் கண் கறுத்தது. தலை திரும்பவில்லை, கண்ணும் உருளவில்லை, வெளியில் ஒரு மயிர்கூட அசையவில்லை, கண்ணுக்கு உள்ளே, ஆழத்தில், யாரோ ராந்தலைத் தூக்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிற மாதிரி ஏதோ நகர்கிறது. பார்க்கிறது. உள்ளே இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறது, முதலில் லென்ஸை, அப்புறம் கொஞ்சம் மேலே, அப்புறம் பக்கத்தில், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இது என்ன, கறுப்பாக நீளமாக ஒரு கண்ணு வந்து நிற்கிறதே, தின்னுமா, தின்னாதா, நல்லதா. அதற்கும் அதே கேள்விதான். எத்தனை நாளாக உட்கார்ந்த இடத்திலிருந்து இப்படி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, பவிஷாவுக்கு மருந்து புகட்டியதை, நான் ராத்திரி எழுந்து உட்கார்ந்ததை. நான் அமுக்கினேன். அமுக்கிவிட்டும் கண்ணை எடுக்கவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் பட்டுக்குள் மங்கலாக உருண்டை உருண்டையாக இருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக, அதற்குள் ஏதோ கோடு மாதிரி, காலா, நிழலா, அங்கே போக இந்தப் பக்கத்திலிருந்து வழி இல்லை, அதற்கு வெயில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், காலை வெயில் வேண்டும், நாளைக் காலை. நாளைக் காலை இந்த லென்ஸ் தூத்துக்குடியில் ஏதோ நகைக்கடைத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். உயிர் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். தெரிந்துவிட்டது. போதவில்லை.

"மாரி! லென்ஸக் கொண்டா!" கீழேயிருந்து. கூடவே ஒரு கனத்த சிரிப்பு, ஸ்டீபன் அண்ணன் வந்தாயிற்று, சாயங்காலம் என்று அவுக சொன்னாகளே, இன்னும் வெயில்கூட இறங்கவில்லை. கால் கட்டைவிரலிலிருந்து வேட்டிக் கிழிசலை மெல்லக் கழற்றினேன். அவர் வந்தால் நான் டீயைப் போட்டு மாடிப்படி திரும்புகிற இடத்தில் வைத்துவிட்டு மேலே ஏறிவிடுவேன், அவுக வந்து எடுத்துக்கொள்வாக, அவர் முகம் எனக்குத் தெரியாது, செருப்புத்தான் தெரியும். இன்றைக்குப் படி திரும்புகிற இடம் வரைக்கும் போனேன். நின்றேன். கை இரண்டும் வெறுங்கை. "ஏளா, லென்ஸு எங்க?" என்றாக அவுக. "மேல இருக்குங்க." "அதான், எடுத்துட்டு வா." மிளகாய் விதை அங்கேயே இருக்கிறது, "அது உசுரோட இருக்குங்க" என்றேன். "எது, லென்ஸா?" கீழே ஸ்டீபன் அண்ணன் குலுங்கிச் சிரிக்கிறார், "பாண்டி, இம்புட்டு நாளா ஒன் வீட்டு டீயக் குடிக்கேன், தங்கச்சிக்குப் பேச வரும்னு நீ சொல்லவே இல்லியே!" முகம் கொதிக்கிறது, மேலே ஓடிவிடலாம், ஓடினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எவ்வளவு லேசு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்டீபன் அண்ணே." என் குரல்தானா இது. "லைட்ட இன்னைக்குக் குடுத்துட்டுப் போங்க. லென்ஸ முட்ட பொரிச்ச பொறவு தாரேன்." "என்ன முட்டை? கோழியா வளக்கே மேல?" என்றாக அவுக, அதட்டலாகத்தான் ஆரம்பித்தாக, பாதியில் குரல் மாறிவிட்டது, ஒரு படி ஏறி என்னை நிமிர்ந்து பார்த்தாக, நான் இப்படி நிற்கிறதை அவுக பார்த்ததே இல்லை. "ஏளா, ஞாயித்துக்கெழமைக்கு லைட்டு வேணும்லா" என்றாக, தணிவாக. "தெரியும்ங்க. அதான் லைட்டையும் கேக்கேன்." கீழே ஸ்டீபன் அண்ணன் சிரிப்பை நிறுத்தியிருந்தார். சாமான் விற்கிறவர், வாங்குகிறவர், கணக்காகப் பேசுகிறவர், அவர் குரல் இப்போது அப்படித்தான் வந்தது. "சரிம்மா, பொரிக்கலைன்னா?" நான் யோசித்துப் பார்த்தேன். கூட்டுக்குள் மங்கலாக இருந்த அந்தக் கோடு காலா நிழலா என்று எனக்குத் தெரியாது, தாயே தின்றுவிடுமா, குஞ்சு வந்தால் அதற்கும் எட்டுக் கண்ணும் அப்போதே இருக்குமா, எதுவும் தெரியாது. "தெரியாதுண்ணே. அதத்தான் பாக்கணும்." லைட்டுப் பெட்டியைத் தரையில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அவுகதான் முதலில் செருப்பைக் கழற்றினாக. "மெதுவா வாங்க" என்றேன் இரண்டு பேரிடமும், "பிள்ள தூங்குது."